அயல்நாட்டுக் குடும்பத்துக்கு மட்டும்

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எந்த ஊரு சட்டம் இது?"

"குடிக்காதன்னு யாருக்கா சொன்னாங்க? வெளிய கொழா கீது, போய்க் குடி. இந்தக் கேனு அயல்நாட்டுக் குடும்பத்துக்கு மட்டும். எழுதி ஒட்டியிருக்குது, பாரு."

"எழுதினவன இந்த வெயில்ல ஸ்டாப்புல எறங்கி நடந்து வரச் சொல்லு. அப்புறம் எழுதட்டும்."

"அதெல்லாம் சார்கிட்ட பேசிக்கோ. கேனுக்கு நான் பொறுப்பு."

சரசு விடுகிற ஆள் இல்லை. ஆபீஸ் உதவியாளர் மண்ணாங்கட்டியும் அன்றைக்கு விடுகிறதாக இல்லை. மெட்ராசிலிருந்து தருவித்த தண்ணீர்க் கேனுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கபடி ஆட்டத்தில் நிற்பதுபோல் நின்றார். இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. சரசுவோடு வந்திருந்த எட்டு வயது லீனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மண்ணாங்கட்டியின் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து, டம்ளரை நிரப்பி, ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைச் சரசுவிடம் நீட்டினாள்.

மண்ணாங்கட்டி கொஞ்சம் யோசித்தார். அயல்நாட்டுக் குடும்பம் குடித்து வைத்த மிச்சத்தைப் பற்றி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கைகளை இறக்கிக்கொண்டார்.

இது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து அக்கினி நட்சத்திரத்தில், வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளிப் புதுச் சுண்ணாம்பு வாசனை போகாத ஒரு கட்டடத்தில் நடந்தது. வாசலில் 'அயல்நாட்டுக் குடும்ப நலச் சேவை மையம்' என்று நான்கு மொழிகளில் பலகை. அதில் இரண்டு மொழிகளைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அந்தக் கட்டடத்துக்குள் இல்லை. எழுத்து நேராகத்தான் இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லவும் ஆள் இல்லை.

சரசுவுக்கு அங்கே என்ன வேலை என்றால், வேலை அவளுடையது அல்ல. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி உள்ளே போகிற சந்தில் அவளுக்கு ஒரு மாடி வீடு. கீழே அவளும், பெங்களூர் பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் சக்திவேலும், மகள் சிந்துஜாவும். மாடியில் ஐந்து வருஷமாக யோகன்னா என்கிற ஹாலந்துக்காரப் பெண்மணி. சந்துக்கு அவர் யோகம்மா. புருஷனை ஹாலந்திலேயே விட்டுவிட்டு, மூன்று வயதுக் குழந்தையோடு மலையைத் தேடி வந்தவர். நல்ல மனுஷி. வாரத்தில் பாதி நாள் மௌன விரதம் என்பதால் வாடகைக்கு வைக்க இன்னும் நல்ல மனுஷி. அந்தக் குழந்தைதான் லீனா. யோகம்மா கண்ணை மூடிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்த ஐந்து வருஷமும் லீனா கீழே வளர்ந்தாள். சிந்துஜாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள், ஒரே பாயில் தூங்கினாள், ஒரே சமயத்தில் அம்மை போட்டுப் படுத்தாள். குழாயடியில் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தவர்களிடம் அவள் பேசிய பேச்சைக் கேட்டு, மூக்கில் விரல் வைத்த பெண்கள் சந்தில் உண்டு.

அடுத்த தெருவில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் இருவரும் இரண்டாவது வரை படித்தார்கள். அது அந்த வருஷம் மூடிப் போயிற்று. மூன்றாவதுக்குப் பெரிய பள்ளியில் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியர் மாசி மாதமே, "ஜூன்ல ரெண்டையும் இட்டுனு வாங்க, சேர்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அதற்குள் மையம் திறந்துவிட்டார்கள். ஆகவே ஜூனுக்கு முன்னால் விசாரிக்கப் போனபோது அவர், சிந்துஜாவைச் சேர்த்துக்கொண்டு, லீனாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். இவர்களுக்கென்று அரசாங்கமே தனியாக ஒரு ஆபீஸ் வைத்திருக்கும்போது, அவர் பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டால் அது மரியாதையாக இருக்காதாம். மையத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதுமாம்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வெயிலில் வந்தது. சும்மா வந்ததும் இல்லை. ஜூலைக்குள் மகள் ஒழுங்கான பள்ளிக்கூடத்தில் சேரவில்லை என்றால் தன்னிடம் அனுப்பிவிட வேண்டும் என்று ஹாலந்திலிருந்து லீனாவின் அப்பா சொல்லியிருந்தார். அந்த ஊர்க் கோர்ட்டும் அதுதான் நியாயம் என்று சொல்லிவிட்டது. யோகம்மா அந்தச் செய்தியைச் சரசுவிடம் சொன்ன அன்று மௌனநாள். சொல்லிவிட்டு அழுதார். மறுபடி மௌனம் ஆனார். அதற்கப்புறம் ஓடியாடியதெல்லாம் சரசு.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அறிவுச்செல்வனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவர் என்று சொல்லக் கேள்வி. அந்தப் பழக்கத்தில், எதிரே ஒருவர் இருந்தாலும் மைதானம் நிறைய ஆட்கள் இருப்பதாகவே நினைத்துப் பேசுவார். லீனாவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"கடல் கடந்து வந்த கண்மணியே," என்று ஆரம்பித்தார்.

லீனா திரும்பி, பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தாள்.

மண்ணாங்கட்டி அலமாரியைத் திறந்து ஒரு பொன்னாடை எடுத்து வந்தார். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. லீனாவுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. முழங்காலுக்குக் கீழே தரையில் கிடந்தது. போட்டோ எடுக்கப்பட்டது. சரசுவை மட்டும் போட்டோவுக்காகக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அதெல்லாம் முடிந்து பள்ளிக்கூட விஷயத்தை அவள் எடுத்ததும், அறிவுச்செல்வன் கண்களை மூடி, மனம் நெகிழ்ந்து, ஆவன செய்யப்படும் என்றார். இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

அவர் ஏன் அப்படி நெகிழ்ந்தார் என்பது சந்துக்குப் பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் வெள்ளைக்காரர்கள் கார்த்திகைத் தீபம் முடிந்து வருவார்கள், பங்குனி வெயில் உறைக்க ஆரம்பித்ததும் குளிரான மலைப்பக்கமோ சொந்த ஊருக்கோ போய்விடுவார்கள். இது டீக்கடையில் எச்சில் டம்ளர் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும். மையத்துக்கு அனுமதி கொடுத்த மெட்ராஸ்காரர்களுக்குத் தெரியாது. மார்ச் கடைசியில் உத்தரவு வந்தது, சித்திரையில் திறந்துவிட்டார்கள். திறந்த பிறகு பார்த்தால், சேவை செய்யச் செங்கம் ரோடு நெடுக ஒரு வெள்ளைத் தோல் இல்லை. பூட்டிய அறைகளும், சுருட்டி வைத்த பாய்களும், தூங்குகிற நாய்களும்தான். மிச்சம் இருந்தது சரசுவின் மாடியில் ஒரே ஒரு குடும்பம்.

அந்த ஒரு குடும்பத்தை மையம் கையில் எடுத்துக்கொண்டது. மையத்தின் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொடக்க விழா நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு விழாவுக்கும் ஓர் அயல்நாட்டுக் குடும்பம் மேடையில் இருக்க வேண்டும் என்பது இன்னோர் ஏற்பாடு. ஆகவே ஜீப் சந்துக்கு வருவதும், யோகம்மாவும் லீனாவும் ஏறிப் போவதும், பொன்னாடையோடு இறங்குவதும் வழக்கமாகிவிட்டது. குடிநீர்ச் சேவை தொடங்கியது. லீனா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டினாள். தொலைபேசிச் சேவை தொடங்கியது. லீனா "ஹலோ" என்றாள், எதிர்முனையில் பக்கத்து அறையிலிருந்து அறிவுச்செல்வன் "ஹலோ" என்றார், எல்லோரும் கை தட்டினார்கள், மண்ணாங்கட்டி போனுக்குப் பூட்டுப் போட்டார். மனநல ஆலோசனைச் சேவை தொடங்கிய நாளில் யோகம்மா மௌனத்தில் இருந்தார். ஆலோசனை நல்லபடியாக நடந்ததாகப் பேப்பரில் வந்தது.

தொடங்கிய எந்தச் சேவையும் மறுநாள் தொடர்ந்ததாகத் தகவல் இல்லை. சரசு போகும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பாள். கல்விச் சேவை இன்னும் தொடங்கவில்லை என்பார்கள். மாடியில் மேற்கு வெயில் தாங்க முடியாமல், பொன்னாடைகளை ஒன்றோடொன்று தைத்து சன்னலுக்குத் திரை போட்டாள் சரசு. சாயங்காலத்தில் அந்தச் சன்னல் சரிகையாக ஜொலிக்கும். சினிமாக்காரர் யாராவது குடிவந்திருக்கிறாரா என்று தெரியாதவர்கள் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம் பண்பாட்டு அறிமுகப் பயிற்சி என்று ஒன்று வந்தது. புதிதாக ஊருக்கு வரும் அயல்நாட்டார் நம் வாழ்க்கை முறையைப் பழகிக்கொள்வதற்காம். ஐந்து வருஷம் பழகியவர்களுக்கு எதற்கு என்று சரசு கேட்டாள். பயிற்சி முடிக்காதவர்களுக்குக் கல்விச் சேவை கிடைக்காது என்றார்கள். சரி என்று அதையும் அனுப்பினாள்.

பயிற்றுநர் தென்றல் என்கிற பெண், நல்ல பெண்தான், மனசு வைத்துத்தான் செய்தாள். இட்லியை எப்படிப் பிட்டுச் சாம்பாரில் தொட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அவள் பிட்டு முடிப்பதற்குள் லீனா நான்காவது இட்லிக்குச் சட்னி கேட்டாள். அடுத்தது கோலம். புள்ளி வைப்பதைத் தென்றல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே லீனா, மார்கழி பூராவும் சிந்துஜாவோடு வாசலில் குந்திப் போட்ட கையோடு, ஒரு தாமரையைப் போட்டு முடித்துவிட்டுக் கையைத் தட்டினாள். தென்றலுக்கு முகம் வாடிப் போயிற்று. பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று இரண்டு போட்டோ அனுப்ப வேண்டுமாம். முன் என்பதற்கு இப்போது வழியில்லை.

"பாப்பா, அதைக் கலைச்சுட்டுக் கொஞ்சம் கோணலா ஒண்ணு போடுடா. அக்காவுக்காக."

லீனா போட்டாள். எவ்வளவு முயன்றும் கோணல் சரியாக வரவில்லை. கடைசியில் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். அது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கோணலாக வந்தது.

ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. புதுச் சீருடையில் சிந்துஜா கிளம்பியபோது லீனா சந்து முனை வரை போய், திரும்பி வந்து, படியில் உட்கார்ந்தாள். குழாயடிக்கும் போகவில்லை. யார் குடத்தை யார் நகர்த்தினாலும் கேட்கவில்லை. சாயங்காலம் சிந்துஜா வந்ததும் அவள் ஸ்லேட்டுப் பையைப் பிடுங்கி, அன்றைக்கு என்ன பாடம் என்று பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு சரசுவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே வேங்கிக்காலுக்குப் போனாள். இந்தமுறை தண்ணீர் கேட்கவில்லை. நேராக அறிவுச்செல்வன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு வார்த்தை சார். ஹெட்மாஸ்டர்கிட்ட சேர்த்துக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாத்துக்கு இத்தினி நாளு?"

அறிவுச்செல்வன் அவளை உட்காரச் சொன்னார். அதற்குள் பழகிவிட்டிருந்ததால், அன்று மைதானத்தை மறந்துவிட்டு, மனுஷன் மாதிரியே பேசினார்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்குது. ஊர்ல இருக்கிறது ஒரே குடும்பம். அவங்களுக்கு இருக்கிறது ஒரே கொறை. அதையும் இன்னைக்கே தீத்துட்டேன்னா, நாளைக்கு நான் எதைத் தீக்கிறது? மேலிடத்துல கேக்கறாங்க, நிலுவையில எத்தனை இருக்குதுன்னு. ஒண்ணு இருக்குதுங்கய்யான்னு தெம்பா சொல்றேன். அது போயிடுச்சுன்னா மையமே தேவையில்லன்னு மூடிடுவாங்க. மையத்தை மூடிட்டா, அப்புறம் இந்தப் பாப்பாவுக்கு உதவறது யாரு? நீங்களே சொல்லுங்க."

சரசு சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே அவளைத் தேற்றினார். மெட்ராசிலிருந்து துணை இயக்குநர் அம்மா வருகிறார். அன்றைக்கே கல்விச் சேவைத் தொடக்க விழா. பாப்பா மேடையில் எழுந்து தன் கோரிக்கையைச் சொன்னால், அம்மா அந்த இடத்திலேயே உத்தரவு போட்டுவிடுவார். தலைமையாசிரியரும் மேடையில் இருப்பார். ஒரே ஒரு விஷயம்தான். பாப்பா கொஞ்சம் அயல்நாட்டுக் குழந்தை மாதிரிப் பேச வேண்டும்.

"இப்படிப் பேசினா, மேடைக்கு நாங்களே உள்ளூர்ப் பிள்ளைக்குச் சாயம் பூசி உக்கார வச்சதா நெனைப்பாங்க அக்கா."

அன்றிலிருந்து சரசு வீட்டில் தமிழைக் கெடுக்கும் பயிற்சி நடந்தது. "எனக்கு... பள்ளி... வேண்டும்" என்பதுதான் பாடம். லீனாவால் முடியவில்லை. 'எனக்கு' என்றாலே அடுத்தது தானாக வந்து விழுந்தது. சினிமாவில் வெள்ளைக்காரர்களாக வருகிறவர்கள் பேசுவதைச் சிந்துஜா செய்து காட்டினாள். இரண்டும் சேர்ந்து சிரித்துப் பாயில் உருண்டன. "கொழகொழன்னு பேசுடி, வாயில வாழப்பழம் இருக்கிறாப்பல," என்று சரசு கெஞ்சினாள். யோகம்மாவைப் பேசச் சொல்லி, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். பெற்ற தாயைப் போலப் பேச மகளுக்கு வீட்டுக்காரம்மா சொல்லிக்கொடுத்தது நம் சந்தில் அதுதான் முதல் தடவை.

விழாவன்று பந்தலில் முதல் வரிசை முழுக்க 'அயல்நாட்டுக் குடும்பத்துக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தது. வரிசை நீளம். குடும்பம் ஒன்று. வெற்று நாற்காலிகளைக் காட்டினால் மேலிடத்தில் என்ன நினைப்பார்கள் என்று மண்ணாங்கட்டி தன்னால் ஆனதைச் செய்திருந்தார். மஸ்கட்டில் எலெக்ட்ரீசியனாக இருந்து லீவில் வந்திருந்த அடி அண்ணாமலை கிராமத்து அர்ஜுனனைக் குடும்பத்தோடு கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். அர்ஜுனன் கறுப்புக் கண்ணாடியும் சென்ட் வாசனையுமாக, ரேஷன் கார்டில் பெயர் எடுத்துவிட்டார்கள், யாரிடம் சொன்னால் ஆகும் என்று பக்கத்தில் இருந்த யோகம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தார். யோகம்மா புன்னகை செய்தார். மௌனநாள்.

லீனா தன் பக்கத்து நாற்காலியில் சிந்துஜாவை உட்கார்த்தி வைத்துக்கொண்டாள்.

துணை இயக்குநர் அருணாதேவி வந்தார். விளக்கேற்றினார். பொன்னாடைகள் கைமாறின. அறிவுச்செல்வன் வரவேற்றுப் பேசி முடிப்பதற்குள் கரண்ட் போய், வந்து, மறுபடி போயிற்று. கடைசியில் லீனாவை மேடைக்கு அழைத்தார்கள். பட்டுப்பாவாடை. நெற்றியில் சாந்துப்பொட்டு வேண்டாம் என்று அறிவுச்செல்வன் துடைத்துவிட்டிருந்தார். தலைமையாசிரியர் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரசு பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு," என்றாள் லீனா.

நிறுத்தினாள். நன்றாகத்தான் நிறுத்தினாள்.

"பள்ளி," என்றாள். கொழகொழவென்றே வந்தது. சரசுவுக்கு உயிர் வந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை.

அந்த நேரம் பார்த்து மண்ணாங்கட்டியின் கண்ணில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சிந்துஜா பட்டாள். கறுத்த பெண், எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, எந்த நாட்டையும் சேர்ந்தவளாகத் தெரியவில்லை. குனிந்து போய் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். சிந்துஜா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்தார். நாற்காலி சாய்ந்து அவள் கீழே விழுந்தாள்.

"யோவ், இன்னாத்துக்குய்யா அவளப் புடிச்சு இழுக்கற? எங்க சிந்துஜா அது. நான்தான் குந்த வச்சேன். அந்தாளு மட்டும் கண்ணாடி போட்டுனு சொகமா குந்திகினு கீறாரே, அவரு எந்த ஊராம்? அடி அண்ணாமலைதான? அவர எழுப்பேன் பாக்கலாம்."

லீனாவின் முன்னால் மைக் இருந்ததால் இது கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப் வரை கேட்டது என்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கரண்டும் வந்திருந்தது.

அறிவுச்செல்வன் விளக்கைப் பிடித்துக்கொண்டார். அருணாதேவி மெல்ல எழுந்து, லீனாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். எந்த நாடு என்று கேட்டார். ஹாலந்து என்றார்கள். மையம் திறந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். சொன்னார்கள். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"இத்தனை குறுகிய காலத்துல, ஒரு அயல்நாட்டுக் குழந்தையை இந்த மண்ணோட இப்படிக் கலக்க வச்சிருக்கீங்கன்னா, நான் என்ன சொல்றது அறிவுச்செல்வன்? நாங்க மெட்ராஸ்ல உக்காந்து கனவு கண்டது இதைத்தான். இந்தக் குழந்தை இனிமே அயல்நாட்டுக் குழந்தை இல்லை. நம்ம குழந்தை."

பந்தல் அதிர்ந்தது. மண்ணாங்கட்டி சிந்துஜாவைக் கீழேயே விட்டுவிட்டுக் கை தட்டினார். சிறந்த மையத்துக்கான கேடயம் அங்கேயே அறிவிக்கப்பட்டது. சரசு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்தாள்.

"மேடம், இஸ்கூலு. கொழந்தைக்கு எடம் குடுக்கச் சொல்லிட்டுப் போங்க மேடம்."

அருணாதேவி குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மையம் அயல்நாட்டுக் குடும்பத்துக்குத்தான்மா. இந்தக் குழந்தைக்கு இனிமே எங்க உதவி எதுவுமே தேவைப்படாதுன்னு நினைக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமையா இருக்குது தெரியுமா?"

நிலுவையில் இருந்த ஒன்றும் அன்றோடு தீர்ந்துவிட்டது.

தலைமையாசிரியருக்கும் குழப்பம் தீர்ந்தது. உள்ளூர்ப் பிள்ளை என்று மேலிடத்திலேயே சொல்லிவிட்ட பிறகு அவருக்கு ஆட்சேபம் ஏது? எல்லா உள்ளூர்ப் பிள்ளைகளையும் போலச் சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால், அன்றைக்கே பெயர் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

சரசு யோகம்மாவைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். அவர் பொறுமைசாலி. பாப்பாவின் தகப்பனார் என்ன ஆட்கள் என்று கேட்டார். யோகம்மா அன்று பேசும் நாள். வெகுநேரம் யோசித்து, சைக்கிள் கடைக்காரர் என்றார். அவருக்கு அப்பா? அவரும் சைக்கிள் கடைதான். தலைமுறை தலைமுறையாகச் சைக்கிள் என்றால் ஏதாவது ஒன்றில் வந்துதானே ஆகவேண்டும் என்று அவர் பட்டியலைப் புரட்டினார். எதிலும் வரவில்லை. கடைசியில் சரசுவைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் வளருகிற பிள்ளைதானே, உங்கள் ஆட்கள் ஒத்துக்கொண்டால் உங்களுடையதையே போட்டுவிடலாம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சக்திவேலின் பங்காளிகளைக் கூட்டிப் பேசினார்கள். அதில் பாதிப் பேர் மடியில் லீனா உட்கார்ந்து மாம்பழம் தின்றிருக்கிறாள். பெரியவர் ஒருவருக்கு அவள்தான் காது. டீவி செய்தியை உரக்கத் திருப்பிச் சொல்லுவாள். எல்லோரும் ஒரு மனதாக, தங்கமான பிள்ளை என்றார்கள். வீட்டில் இருக்கட்டும், சாப்பிடட்டும், சாமி கும்பிடட்டும், நம் பிள்ளைதான் என்றார்கள். ஆனால் நம்மாள் என்று எழுதுவது எப்படி? நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் என்று வந்தால் யார் போய் நிற்பது? யாருக்கு யார் முறை? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்திவேல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். விடிந்தால் பெங்களூர் வண்டி.

"போதும் விடு சரசு," என்றான்.

ஜூலையில் லீனாவின் அப்பா மெட்ராசுக்கு வந்து இறங்கினார். உயரமான, கூச்சமான மனிதர். சந்துக்குள் குனிந்தே நடந்தார். அவரைத் திட்டலாம் என்று காத்திருந்த பெண்களுக்கு மனசு வரவில்லை. மகளிடம் அவர் ஏதோ கேட்டார், அவளுக்குப் புரியவில்லை, யோகம்மா அதைத் தமிழில் சொன்னார்.

வாடகைக் கார் நிற்கும்போதே ஜீப்பும் வந்துவிட்டது. அறிவுச்செல்வன் இறங்கினார். பின்னால் குத்துவிளக்கோடு மண்ணாங்கட்டி. அயல்நாட்டுக் குடும்பங்களுக்கு வழியனுப்பும் சேவை அன்றைக்குத்தான் தொடங்குகிறதாம். லீனா அழுதுகொண்டிருந்தாள், சிந்துஜா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதாள். இரண்டையும் பிரித்து, நடுவில் நின்று, பொன்னாடை போர்த்தினார்கள். அப்பாவுக்கு ஒன்று. காற்றில் திரி நிற்கவில்லை. மண்ணாங்கட்டி கையை வைத்து மறைத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். சரசு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மையம் தொடங்கிய சேவைகளில் முழுசாக நடந்து முடிந்தது அது ஒன்றுதான்.

தீபம் முடிந்து, வழக்கம்போல் வெள்ளைக்காரர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி, செங்கம் ரோட்டில் அறைக்கு அலைந்துகொண்டிருந்தபோது மையம் மூடியிருந்தது. நிலுவை ஏதும் இல்லாததால் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள் என்று சொன்னார்கள். கட்டடம் தேர்தல் பெட்டிகள் வைக்கப் போயிற்று. அறிவுச்செல்வன் தென்றலைக் கல்யாணம் செய்துகொண்டு ராணிப்பேட்டைக்கு மாற்றலானார், இரண்டு பிள்ளைகள். மண்ணாங்கட்டி கலெக்டர் ஆபீசிலேயே ஓய்வு பெற்றார். அர்ஜுனன் மஸ்கட்டுக்குப் போய்விட்டார், ரேஷன் கார்டு விஷயம் தெரியவில்லை. யோகம்மா இரண்டு வருஷம் மாடியில் தனியாக இருந்து பார்த்தார். தியானம் கூடவில்லை என்று சொல்லிவிட்டு மகள் இருக்கும் ஊருக்கே போனார். மாடியை ஒரு பாங்க்கு கிளார்க்கு எடுத்துக்கொண்டார்.

லீனாவிடமிருந்து முதலில் தமிழில் கடிதம் வந்தது. அப்புறம் பாதித் தமிழில். அப்புறம் வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, கீழே பெயர் மட்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சிந்துஜாவுக்குப் போளூரில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகையை அனுப்பினாள் சரசு. யாரும் எதிர்பார்க்கவில்லை, லீனா வந்தாள். அப்பாவைப் போலவே உயரம். எல்லோரும் போட்டோ எடுக்க வழிவிட்டு அவளை மணமேடைக்கு ஏற்றினார்கள். சிந்துஜா மாலையோடு எழுந்து, இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கேட்டாள். ஏண்டி எழுதவே இல்ல, எப்படிடி இவ்ளோ ஒசந்த, அம்மா எப்படி கீறாங்க, உனுக்கு எப்போ கண்ணாலம் என்று.

லீனா முழுசாகக் கேட்டாள். அவள் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு இரண்டு கைகளையும் கூப்பி, பயணிகளுக்கு விற்கிற புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே, "வ-ணக்-கம்" என்றாள்.

சிந்துஜா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் சிந்துஜா புருஷனோடு ஓசூருக்குக் குடிபோனாள். லீனா அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டாள்.